ஹொலிவூட் முதலாளி எழுதிய சத்தியக்கடதாசிகள்

எங்கள் வீட்டில் பழைய பிளாஸ்ரிக் பைல் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு இடப்பெயர்வின் போதும் அம்மா முதலில் கையில் எடுத்தது அதைத்தான். பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதியின் போட்டோப் பிரதி, தொலைந்த அடையாள அட்டைக்காகச் சமாதான நீதவானிடம் முடித்த சத்தியக்கடதாசி என்று, நாங்கள் இன்னார்தான் என நிரூபிக்கத் தேவையான எல்லாம் அதற்குள் இருந்தன. அவற்றின் அடியில் ஒரு ஸ்பொன்சர் கடிதமும் கிடக்கிறது. வெளிநாட்டில் இருந்த எங்கள் மாமா ஒருவர் எழுதியது. அந்தக் கடிதத்துக்கு வீசா கிடைக்கவில்லை. மாமா எங்களுக்கு முன்னரே வேறு இரண்டு குடும்பங்களுக்குப் பொறுப்பு நின்றிருந்தார் என்றும், அவருடைய வருமானம் மூன்றாவது குடும்பத்துக்குப் போதாது என்றும் காரணம் சொன்னார்கள்.

அந்தக் கடிதத்தை நான் பல வருடங்களின் பின் மீண்டும் எடுத்துப் பார்த்தது, கார்ல் லெம்லி என்ற மனிதரைப் பற்றி வாசித்த பிறகுதான். ஹொலிவூட் படங்களின் தொடக்கத்தில் ஒரு பூமி உருண்டை மெதுவாகச் சுழன்று வரும். யூனிவர்சல் என்ற பெயர் அதன் குறுக்கே விரியும். 'ஜுராசிக் பார்க்' பார்த்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருப்பார்கள். அந்தக் கம்பனியை உருவாக்கியவர்தான் லெம்லி. சினிமா வரலாற்று நூல்கள் அவரைப் பெரிய தயாரிப்பாளர் என்று எழுதும். நான் அவரைப் பற்றி எழுத விரும்புவது வேறு காரணத்துக்காக. தன் கம்பனியை இழந்த பின்னர், வாழ்வின் கடைசி மூன்று வருடங்களில் அவர் செய்த வேலைக்காக.

ஜேர்மனியின் தென்பகுதியில், வூர்ட்டம்பேர்க் பிரதேசத்தில் லௌப்ஹைம் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 1867 ஜனவரி 17 ஆம் திகதி ஒரு யூதக் குடும்பத்தில் லெம்லி பிறந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வூர்ட்டம்பேர்க்கிலேயே அதிகமான யூதர்கள் வாழ்ந்த ஊர் அது. தகப்பன் சிறு வியாபாரி. தாய் பெற்ற பதின்மூன்று பிள்ளைகளில் பலர் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். பதின்மூன்று வயதில் லெம்லியைப் பக்கத்து ஊரொன்றில் கடதாசிச் சாமான்கள் விற்கும் வியாபாரி ஒருவரிடம் வேலை பழக விட்டார்கள். அங்கே கணக்குப் புத்தகம் எழுதப் பழகினார்.

மூத்த சகோதரன் ஒருவர் ஏற்கனவே அமெரிக்காவுக்குப் போயிருந்தார். லெம்லிக்கும் போகத்தான் ஆசை. ஆனால் தாய் உயிரோடு இருக்கும்வரை போவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தார். 1883 இல் தாய் இறந்தார். அடுத்த வருடத் தொடக்கத்தில், பதினேழு வயதில், தகப்பன் எடுத்துக் கொடுத்த கப்பல் டிக்கெட்டுடனும் சுமார் ஐம்பது டொலர் பணத்துடனும் அவர் நியூயோர்க்கில் வந்து இறங்கினார். அன்று அமெரிக்காவுக்குள் நுழைய வீசா தேவையில்லை. ஸ்பொன்சர் தேவையில்லை. எவரும் எவருக்காகவும் சத்தியம் செய்ய வேண்டியிருக்கவில்லை. இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும்.

அடுத்த இருபது வருடங்களில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. மருந்துக் கடையில் எடுபிடி வேலை, பண்ணையில் கூலி வேலை, சிக்காகோவில் கணக்கெழுதும் வேலை. 1894 இல் விஸ்கொன்சின் மாநிலத்தின் ஒஷ்கொஷ் நகரத்துக்குப் போய் ஓர் உடுப்புக் கடையில் சேர்ந்தார். கடையின் முகாமையாளரானார். 1898 இல் முதலாளியின் உறவுப் பெண்ணான ரெஹாவைத் திருமணம் செய்தார். பின்னர் முதலாளியோடு பிணக்கு ஏற்பட்டு வேலையை விட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கையில் கொஞ்சம் சேமிப்பு இருந்தது. வீட்டில் மனைவியும் ஒரு மகளும் இருந்தார்கள்.

வேறு கடை போடும் யோசனையோடு சிக்காகோவுக்கு வந்தவரின் கண்ணில் பட்டது ஒரு சிறிய படக் கொட்டகை. ஐந்து சதம் கொடுத்தால் உள்ளே போய்ச் சில நிமிடப் படங்களைப் பார்க்கலாம். லெம்லி வாசலில் நின்று, உள்ளே போகும் ஆட்களைக் கணக்கெடுத்தார். உடுப்புக் கடையில் ஒரு நாளில் காணாத கூட்டம் அங்கே ஒரு மணித்தியாலத்தில் வந்தது. உள்ளே போனவர்களில் பெரும்பாலானோர் இவரைப் போலவே வேறு நாடுகளில் இருந்து வந்த தொழிலாளர்கள். பேச்சில்லாத படத்தைப் பார்க்க அவர்களுக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை. 1906 பெப்ரவரியில் மில்வோக்கி அவென்யூவில் தனது முதலாவது கொட்டகையைத் திறந்தார். முகப்புக்கு வெள்ளை அடித்தார். படம் பார்ப்பது கூடாத பழக்கம் என்று மரியாதையான குடும்பங்கள் ஒதுங்கி நின்ற காலம் அது. சுத்தமான இடம் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பது அவருடைய எண்ணம். கொட்டகை ஓடியது. விரைவிலேயே மற்றக் கொட்டகைகளுக்குப் படங்களை வாடகைக்கு விடும் தொழிலையும் தொடங்கினார்.

அப்போது குறுக்கே வந்தவர் தோமஸ் எடிசன். கமரா, புரொஜெக்டர் ஆகியவற்றின் காப்புரிமைகளை வைத்திருந்த கம்பனிகள் எடிசனின் தலைமையில் 1908 இன் கடைசியில் ஒன்றுசேர்ந்தன. அவர்களுடைய அனுமதி இல்லாமல் எவரும் படம் எடுக்கக் கூடாது. அனுமதி பெற்ற கொட்டகை ஒவ்வொன்றும் கிழமைக்கு இரண்டு டொலர் கட்ட வேண்டும். மறுத்தால் வழக்கு. அதோடு நிற்காமல் கமராக்களைத் தேடிப் பறிமுதல் செய்ய ஆட்களும் வந்தார்கள்.

அமெரிக்கா முழுவதும் பெயர் பெற்றிருந்த எடிசனை ஓர் உடுப்புக் கடைக்காரர் எதிர்க்கத் துணிந்தார். 1909 இல் லெம்லி அந்தக் கூட்டை விட்டு வெளியேறி, சுயாதீனப் படக் கம்பனி ஒன்றைத் தொடங்கித் தானே படம் எடுத்தார். அவர் மீது 289 வழக்குகள் தொடரப்பட்டன. ஒரு தடவை வழக்கு ஆட்களிடம் இருந்து தப்ப, நடிகை மேரி பிக்ஃபோர்டையும் குழுவினரையும் கியூபாவுக்கு அனுப்பி அங்கே படம் பிடித்தார். பத்திரிகை விளம்பரங்களில் அந்தக் கூட்டைக் கேலிச் சித்திரங்களால் வெளுத்து வாங்கினார். 1912 இல் வேறு சில சிறிய கம்பனிகளோடு சேர்ந்து யூனிவர்சலை உருவாக்கினார். 1915 இல் அந்தக் காப்புரிமைக் கூட்டு சட்டவிரோதமானது என்று கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1917 இல் யூனிவர்சல் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றமும், இயந்திரத்தின் காப்புரிமையை வைத்திருப்பவர் அதில் எந்தப் படத்தை ஓட்டலாம் என்று கட்டளையிட முடியாது என்று தீர்த்தது. ஹொலிவூட்டின் பெரிய கம்பனிகள் பல இந்த வெற்றிகள் திறந்துவிட்ட பாதையில் வளர்ந்தவைதான்.

அந்த நாட்களில் நடிகர்களின் பெயர் திரையில் வராது. பெயர் தெரிந்தால் சம்பளம் கூட்டிக் கேட்பார்கள் என்ற பயம். லெம்லி அதை உடைத்தார். வேறொரு கம்பனியில் பெயர் தெரியாத முகமாக இருந்த ஃபுளோரன்ஸ் லோரன்ஸைத் தன் கம்பனிக்குள் கொண்டுவந்து, 1910 இல் அவருடைய பெயரையும் படத்தையும் போட்டு விளம்பரம் செய்தார். அதில் ஒரு தந்திரமும் இருந்தது. நடிகை விபத்தில் இறந்துவிட்டார் என்ற வதந்தி பத்திரிகையில் வந்ததும், எதிரிகள் கட்டிவிட்ட பொய் என்று லெம்லி மறுப்பு விளம்பரம் போட்டார். வதந்தியைப் பரப்பியதே லெம்லியின் ஆட்கள்தான் என்பது பின்னாளில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட விடயம். அவரை ஒரு மகானாக எழுத முடியாது என்பதற்காகவும் இதைச் சொல்லி வைக்கிறேன். அவர் வியாபாரி. வியாபாரிக்குரிய கெட்டித்தனமும் கள்ளத்தனமும் அவரிடம் இருந்தன.

1915 மார்ச் 15 ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் அருகே 230 ஏக்கர் நிலத்தில் யூனிவர்சல் சிற்றி திறக்கப்பட்டது. இருபத்தைந்து சதம் கட்டி, பொதுமக்கள் படப்பிடிப்பைப் பார்க்கலாம். லோயிஸ் வெபர் உட்படப் பல பெண்கள் அங்கே இயக்குநர்களாக வேலை செய்தார்கள். நியூயோர்க் அலுவலகத்தில் சாதாரண எழுதுவினைஞராக இருந்த இர்விங் தால்பேர்க் என்ற இளைஞரை, சுமார் இருபது வயதிலேயே முழு ஸ்ரூடியோவுக்கும் பொறுப்பாக்கினார். ஹொலிவூட்டே சிரித்தது இன்னொரு விடயத்துக்காக. அவர் தன் சொந்தக்காரரை எல்லாம் கம்பனிக்குள் சேர்த்தார். அண்ணன், மச்சான், மருமகன், லௌப்ஹைமில் இருந்து வந்த தூரத்து உறவினர் என்று சம்பளப் பட்டியல் நீண்டது. தொழிலாளர்கள் அவரைக் கார்ல் மாமா என்று அழைத்தார்கள். அதில் அன்பும் இருந்தது, கேலியும் இருந்தது. பிற்காலத்தில் மூன்று ஒஸ்கார் விருதுகள் பெற்ற இயக்குநர் வில்லியம் வைலர் அப்படி வந்த ஒரு சொந்தக்காரப் பெடியன்தான் என்பதைச் சிரித்தவர்கள் பின்னர்தான் அறிந்தார்கள்.

1919 ஜனவரியில், உலகத்தையே உலுக்கிய தொற்றுக் காய்ச்சலில் மனைவி ரெஹா இறந்தார். லெம்லி மறுமணம் செய்யவில்லை.

முதலாம் உலகப் போரில் அமெரிக்காவும் ஜேர்மனியும் எதிரி நாடுகள். அந்தக் காலத்தில் யூனிவர்சலில் இருந்து ஜேர்மன் மன்னரை மிருகமாகக் காட்டும் பிரசாரப் படமும் வந்தது. போர் முடிந்து ஜேர்மனி பட்டினியில் கிடந்தபோது, அதே லெம்லி தன் ஊருக்குப் பணமும் உணவும் அனுப்பினார். 1920களில் அடிக்கடி ஊருக்குப் போனார். போகும்போதெல்லாம் ஏழைகளுக்கும் பொது வேலைகளுக்கும் அள்ளிக் கொடுத்தார். லௌப்ஹைம் அவருக்குக் கௌரவப் பிரஜை என்ற பட்டம் கொடுத்தது. ஒரு வீதிக்கு அவருடைய பெயரை வைத்தது.

1929 இல், போர்முனையில் நின்ற ஜேர்மன் எழுத்தாளர் எரிக் மரியா ரெமார்க்கின் நாவல் வெளிவந்து உலகமெங்கும் விற்றது. ஆசிரியரின் பேச்சில் மயங்கிப் படையில் சேரும் பள்ளிப் பையன்கள் ஒவ்வொருவராகச் சாகும் கதை. லெம்லி அதன் உரிமையை வாங்கினார். அவருடைய மகன் கார்ல் லெம்லி ஜூனியர் தயாரிக்க, லூயிஸ் மைல்ஸ்டோன் இயக்கினார். செலவு 12 இலட்சம் டொலருக்கு மேல். அக்காலத்தில் அது மிகப் பெரிய தொகை. 1930 இல் வெளிவந்த அந்தப் படத்துக்குச் சிறந்த படம், சிறந்த இயக்குநர் ஆகிய ஒஸ்கார் விருதுகள் கிடைத்தன. ஓர் அமெரிக்கக் கம்பனி, எதிரிப் படையின் பையன்களைக் கதாநாயகர்களாக்கி, அவர்களுடைய சாவுக்காகப் பார்ப்பவர்களை அழவைத்தது. போரின் இரண்டு பக்கத்திலும் தாய்மார் உண்டு என்று காட்ட ஒருவருக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும்.

லெம்லி இதைத் தன் பிறந்த நாட்டுக்கான நல்லெண்ணக் காணிக்கையாகவே நினைத்தார். ஆனால் 1930 டிசம்பர் 5 ஆம் திகதி பேர்லின் திரையரங்கில் படம் ஓடிக்கொண்டிருந்தபோது கோயபெல்ஸின் தலைமையில் வந்த நாஜிகள் கூச்சலிட்டார்கள். நாற்றக் குண்டுகளை வீசினார்கள். வெள்ளை எலிகளை அவிழ்த்துவிட்டார்கள். யூதர் என நினைத்தவர்களைத் தாக்கினார்கள். ஆறு நாட்களில் படம் தடைசெய்யப்பட்டது. கலகம் செய்தவர்களைத் தண்டிக்காமல், கலகத்துக்கு ஆளான படத்தை அரசு தண்டித்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னர் நடந்தது இது.

இந்த இடத்தில் லெம்லி விட்டுக்கொடுத்தார் என்பதையும் எழுதியாக வேண்டும். ஜேர்மனியை இழிவுபடுத்துவதாகச் சொல்லப்பட்ட காட்சிகளை வெட்டச் சம்மதித்தார். வெட்டப்பட்ட படம் 1931 இல் அங்கே மீண்டும் ஓடியது. 1933 இல் ஹிட்லர் வந்ததும் அதுவும் நின்றது. ஜேர்மன் சந்தை அவருக்கு முக்கியமாக இருந்தது. ஆனாலும் ஆபத்தை அவர் பலருக்கு முன்னரே உணர்ந்திருந்தார். 1932 ஜனவரியில் பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டொல்ஃப் ஹேர்ஸ்டுக்குக் கடிதம் எழுதி, ஹிட்லர் பதவிக்கு வந்தால் ஆயிரக்கணக்கான யூதர்களுக்கு எதிராக வன்முறை வெடிக்கும் என்று எச்சரித்தார். பதவியில் ஹிட்லர் அமர்ந்தது அதற்கு ஒரு வருடத்தின் பின்.

'ட்ராகுலா', 'ஃபிராங்கன்ஸ்டைன்' ஆகிய படங்கள் 1931 இல் பணம் கொட்டின. ஆனால் பொருளாதார வீழ்ச்சியும் மகனின் பெருஞ்செலவுப் படங்களும் கம்பனியைக் கடனுக்குள் தள்ளின. 'ஷோ போட்' படத்தை எடுக்கும்போது ஸ்ரூடியோவைப் பிணை வைத்து ஏழரை இலட்சம் டொலர் கடன் வாங்கினார்கள். 1936 இல் யூனிவர்சல் கைமாறியது. சுமார் 55 இலட்சம் டொலரோடு லெம்லி வெளியேறினார். அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்பது. படத் தொழில் அவரைக் கைவிட்ட கதை அங்கே முடிகிறது.

லௌப்ஹைமில் இதற்கிடையில் அவருடைய வீதிக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். அவரால் இனி அங்கே போகவும் முடியாது. அங்கிருந்து கடிதங்கள் மட்டும் வந்தன. சொந்தக்காரர், பள்ளித் தோழரின் பிள்ளைகள், முன்பின் தெரியாதவர்கள் என்று எல்லோரும் கேட்டது ஒரே விடயம்தான். எங்களை எடுத்துவிடுங்கள்.

அமெரிக்காவின் கதவு இப்போது அவர் வந்த நாளைப் போலத் திறந்திருக்கவில்லை. 1924 இன் சட்டப்படி ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டிருந்தது. ஜேர்மனிக்கு வருடத்துக்கு 26 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அரசுக்குச் சுமையாக வரக்கூடியவர் என்று கருதினால் வீசா அதிகாரி மறுக்கலாம் என்ற விதியும் இருந்தது. யூதர்களின் சொத்தை நாஜிகள் பறித்துக்கொண்டதால், வெளியேற நின்றவர்களின் கையில் காசில்லை. ஆகவே அமெரிக்காவில் இருக்கும் ஒருவர், இவரை நான் பார்த்துக்கொள்வேன் என்று சத்தியக்கடதாசி முடித்து, வருமான வரிக் கணக்கையும் வங்கிக் கணக்கையும் இணைத்து அனுப்ப வேண்டும். அந்தக் கடதாசிதான் உயிர்.

லெம்லி எழுதத் தொடங்கினார். முதலில் உறவினர்களுக்கு. பிறகு லௌப்ஹைம் ஊரவர்களுக்கு. பிறகு யாரென்றே தெரியாதவர்களுக்கு. ஸ்ருட்கார்ட்டில் இருந்த அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு அவருடைய கடதாசிகள் தொடர்ந்து போயின. கொஞ்ச நாளில் அதிகாரிகள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். இத்தனை பேருக்கு ஒரே ஆள் எப்படிப் பொறுப்பு நிற்பது? சொந்தமில்லாதவர்களை ஏன் இவர் பார்க்க வேண்டும்? எழுபதைத் தாண்டியவர் நாளைக்கு இறந்துபோனால் யார் பொறுப்பு? பெரும் பணக்காரரின் கையெழுத்து, அதிகம் போடப்பட்டதாலேயே மதிப்பிழந்தது.

1938 இல் லெம்லி வெளிநாட்டமைச்சர் கோர்டெல் ஹல்லுக்கு நேரடியாக எழுதினார். தான் வாக்களித்த எவரையும் கைவிடவில்லை என்றும், உயிரோடு இருக்கும்வரை இந்தப் பாவப்பட்ட மக்களுக்காகச் செய்யக்கூடியதைச் செய்வேன் என்றும் விளக்கினார். தன் கடதாசி எடுபடாத இடங்களில் மற்றவர்களிடம் கேட்டார். வைலருக்கு எழுதி, நீ ஒரு குடும்பத்துக்குக் கையெழுத்துப் போடு என்று வேண்டினார். ஸ்ரூடியோவில் எல்லோரும் கேலி செய்த அதே குணம்தான் இது. முன்பு சொந்தக்காரருக்கு வேலை கொடுத்தார். இப்போது ஊரையே சொந்தமாக்கிக்கொண்டார்.

1938 நவம்பரில் லௌப்ஹைமின் யூதத் தொழுகைக்கூடம் எரிக்கப்பட்டது. 1939 செப்டெம்பர் முதலாம் திகதி போர் தொடங்கியது. அதே மாதம் 24 ஆம் திகதி, பெவர்லி ஹில்ஸ் வீட்டில் மாரடைப்பால் லெம்லி இறந்தார். வயது எழுபத்திரண்டு. அதற்குள் முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் அவரால் ஜேர்மனியை விட்டு வெளியேறியிருந்தார்கள். லௌப்ஹைமில் மிஞ்சியிருந்த யூதர்களை 1941, 1942 ஆம் ஆண்டுகளில் ரயிலேற்றிக் கிழக்கே கொண்டுபோனார்கள். அந்த ஊரின் யூத வாழ்வு அதோடு முடிந்தது.

இன்று லௌப்ஹைமில் ஒரு பாடசாலைக்கு அவருடைய பெயர் இருக்கிறது. ஊரில் கிறிஸ்தவர்களும் யூதர்களும் சேர்ந்து வாழ்ந்த வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது. 2017 இல் இருந்து அவருடைய பெயரில் தயாரிப்பாளர்களுக்கு விருதும் வழங்குகிறார்கள். அழித்த பெயரை ஊர் திரும்ப எழுதியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் அந்தப் பெயரை ஞாபகம் வைத்து அழைக்க வேண்டிய சனம் அங்கே இல்லை.

எங்கள் மாமாவில் எனக்குச் சின்ன வயதில் கோபம் இருந்தது. சொந்தத் தங்கச்சியின் குடும்பம் இருக்க, மற்றவர்களுக்கு ஏன் முதலில் கையெழுத்துப் போட்டார் என்று நினைத்திருக்கிறேன். ஒரு ஸ்ரூடியோவையே வைத்திருந்த கோடீஸ்வரரின் கையெழுத்தும் ஓரிடத்தில் செல்லாமல் போனது என்று அறிந்தபோது அந்தக் கோபத்தை வைத்திருக்க இடமில்லாமல் போயிற்று. மாமா தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை செய்தவர். அவருடைய கையெழுத்து இரண்டு குடும்பத்துக்குத்தான் போதுமாக இருந்தது. அந்த இரண்டு குடும்பமும் இன்று நன்றாக இருக்கிறது.

லெம்லி காப்பாற்றிய முந்நூறு பேரை எண்ணலாம். அவர் எழுதியும் வந்து சேராதவர்கள் எத்தனை பேர்? கதவை மூடியவர்கள் அந்தக் கணக்கைத்தான் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்டவரிடம் அதைக் கேட்க எங்களுக்கு நியாயமில்லை. பைலை மூடி, மாமாவின் கடிதத்தை மற்றக் கடதாசிகளுக்கு மேலாக வைத்துவிட்டேன்.